சந்தில் போட்ட கேட்

எங்கள் சந்தின் வாயில் கிடங்குக்காரர் கேட் போட்டார். சாயங்காலமானால் பூட்டு. வீட்டுக்கொரு சாவி கொடுத்தார். எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டோம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பூட்டை மாற்றினார். அந்த வாரம்தான் என் மனைவிக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வெளியே நின்று ஹாரன் அடித்தது. பூட்டை உடைப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

"என் இடம், என் கேட்" என்றார். அது உண்மையானால் அவள் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை. உண்மைதானா என்று தெரிய வேண்டும். அளந்து பார்க்கச் சொல்லி மனு கொடுத்தேன்.

இன்று சர்வேயர் வந்தார். வரைபடத்தை ஸ்கூட்டர் சீட்டில் விரித்தார். என்னோடு இருக்கும் மாமனார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தினம் முகத்துல முழிக்கிற மனுஷன் மாப்பிள்ளை. விட்டுடுங்க."

"செத்தது உங்க பொண்ணு மாமா."

கையை எடுத்துக்கொண்டார்.

கிடங்குக்காரர் பனியனோடு வந்தார். "நான் விட்டுத்தான் சார் இவங்க நடக்கிறாங்க. இல்லைன்னா எங்கிட்ட எதுக்குச் சாவி வாங்கணும்? கேளுங்க."

"வாங்கினீங்களா?" என்றார் சர்வேயர்.

"வாங்கினோம்."

"படிச்சவர்தானே நீங்க? சாவி வாங்கினா அவர் இடம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. காலங்காலமா நடக்கிறோம்னு சொல்லி மட்டும் கேட்டீங்கன்னா கேஸ் படுத்துடும்."

கிடங்குக்காரர் சிரித்தார்.

சர்வேயர் டேப்பின் முனையை மாமனாரிடம் கொடுத்து எல்லைக் கல்லில் பிடிக்கச் சொன்னார். அளந்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"உங்க நல்ல நேரம், படத்துலயே இது பொதுப் பாதை. கிடங்கு அந்தச் சுவரோட சரி. பொதுப் பாதைக்குச் சாவி குடுக்க இவர் யாரு?"

"அப்போ கேட்டை எடுக்கச் சொல்லுங்க."

"நோட்டீஸ் போகணும். பதில் வரணும். அப்புறம்தான்."

"மெதுவா வரட்டும் சார்" என்றார் கிடங்குக்காரர். "தம்பிக்கு வேணும்னா புதுச் சாவி ஒண்ணு தர்றேன்."

நான் கேட்டின் அடியில் கை கொடுத்தேன். பூட்டியிருந்தால் அசைக்க முடியாது, இப்போது திறந்திருந்தது. தூக்கினால் கீலிலிருந்து கழன்றுவிடும். ஆனால் நல்ல கனம். மறுமுனையில் மாமனார் வந்து குனிந்தார்.

"சார், பாருங்க சார்!" என்று கத்தினார் கிடங்குக்காரர்.

சர்வேயர் முதுகைத் திருப்பிக்கொண்டார். "இருய்யா, டேப் சிக்கிடுச்சு. இதை எடுத்துட்டுத்தான் எதையும் பார்க்க முடியும்."

கேட் சாக்கடையில் விழுந்தது. கிடங்குக்காரர் போலீசுக்கு போன் போட்டார்.

"வரச் சொல்லுங்க" என்றேன். "வண்டியிலயே வரச் சொல்லுங்க. இப்போ எங்க வீட்டு வாசல் வரைக்கும் வரும்."