ஏழாம் நம்பர் பனியன்

என் மகள் யுவஸ்ரீ பார்க்கப் போகிற முதல் மேட்ச் அது. என் இடத்தில் ஆடுகிற கயல்விழி தோற்பதைப் பார்க்கட்டும் என்றுதான் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு மாதக் குழந்தைக்கு வெற்றி தோல்வி தெரியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே.

திருத்தணியில், மலைக்குக் கீழே இருக்கிற மைதானத்தில் பெண்கள் கபடிப் போட்டி. எங்கள் அணிக்கும் நகரி அணிக்கும் பைனல். எங்கள் அணி என்று பழக்கத்தில் வந்துவிடுகிறது. யுவஸ்ரீ வயிற்றில் வந்ததிலிருந்து நான் ஆடவில்லை. 'கபடி கபடி' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் கோட்டுக்குள் போவதைப் பாடப் போவது என்போம். நான் பாடப் போன இடத்தில் இப்போது கயல்விழி பாடப் போகிறாள். என் ஏழாம் நம்பர் பனியனையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

போன வாரம், பயிற்சி கொடுக்கிற முரளிதரன் சாரிடம் கேட்டேன். "சார், நான் திரும்ப வரட்டுமாங்க?"

"குழந்தை அழாம ஒரு மணி நேரம் நீ நிம்மதியா ஆட முடியும்னா வாம்மா. இல்லன்னா கயலே இருக்கட்டும். பைனல்ல அவ ஜெயிச்சிட்டான்னா அப்புறம் அவள டீம்லேர்ந்து எடுக்க மாட்டேன், பாத்துக்க."

அழாமல் எங்கே இருக்கிறாள்? யுவஸ்ரீ பிறந்தது அம்மையார்குப்பத்தில், பவர்லூம் ஓடுகிற வீட்டில். தறிச் சத்தத்தில் அயர்ந்து தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எழுந்து ஊரைக் கூட்டுவாள். அப்போது அவள் அப்பா தூக்கினாலும் அடங்க மாட்டாள். நான்தான் பாட வேண்டும். எனக்குத் தாலாட்டு எதுவும் வராது. தெரிந்த ஒரே பாட்டைப் பாடுவேன். கபடி கபடி கபடி. அடித்தொண்டையில், மூச்சு விடாமல். கண்ணை மூடிவிடுவாள். என் மூச்சுப் பழக்கமும் விட்டுப்போகாமல் இருந்தது.

மைதானத்தில் மைக், விசில், பேண்டு என்று காது கிழிந்தது. யுவஸ்ரீ என் தோளில் நன்றாகத் தூங்கினாள். தறி ஓடுகிறது என்று நினைத்திருப்பாள். யாருக்குக் காட்ட வந்தேனோ அவள் தூங்க, நான் மட்டும் கயல்விழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் தடுக்கி விழ மாட்டாளா என்று பார்த்தேன். அவள் விழவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர் எழிலன் விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

"ஏன் பாவா, நான் ஆடும்போது ஒருநாளாவது விசில் அடிச்சிருக்கீங்களா?"

"நீ ஆடுறப்ப எனக்கு பயமா இருக்கும் மோனிஷா. எங்க விழுந்துடுவியோன்னு கைய பிசஞ்சிகினு இருப்பேன்."

நல்ல பதில்தான். ஆனாலும் விசில் அவளுக்குத்தானே போனது.

கடைசியில் இரண்டு அணியும் சமமாக வந்து நின்றன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. நடுக்கோட்டில் கயல்விழி நின்றாள். பேண்டு நின்றது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும் பேச்சை நிறுத்தினார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யுவஸ்ரீக்குக் கரண்ட் போய்விட்டது. எழுந்து வீறிட்டாள். மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. முரளிதரன் சாரும் பார்த்தார். தட்டினேன், ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாயைத் திறந்து பாட எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் கயல்விழி பாட ஆரம்பித்தாள்.

மற்றப் பெண்கள் கீச்சுக் குரலில் பாடுவார்கள். கயல்விழி மட்டும், என்னோடு சேர்ந்து ஆடிய காலத்தில், என்னைப் பார்த்துப் பார்த்து அடித்தொண்டையில் பாடப் பழகினாள். பனியனுக்கு முன்னாலேயே அவள் என்னிடம் எடுத்துக்கொண்டது அது. கபடி கபடி கபடி. யுவஸ்ரீ சட்டென்று அடங்கினாள். கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டாள். தலையை என் தோளில் சாய்த்து, கயல்விழியின் பாட்டில் தூங்கிப்போனாள்.

கயல்விழி ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் தாவி வந்து விழுந்தாள். ஜெயித்துவிட்டாள். மைதானம் அதிர்ந்தது. என் மகள் அசையவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இடம் போனது, பனியன் போனது, இப்போது பெற்ற பிள்ளையும் அவள் பாட்டைக் கேட்டுத் தூங்குகிறது.

"நீ பாடுறேன்னு நெனச்சிக்கிச்சி," என்றார் எழிலன்.

அந்தப் பேச்சு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

கயல்விழி முழங்காலில் மண்ணோடு நேராக என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, பாப்பா நான் ஆடுனத பாத்துச்சா?"

"பாக்கல. தூங்கிட்டா."

அவள் முகம் வாடியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னாலேயே முரளிதரன் சார் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "சார், நாளைலேர்ந்து நான் பயிற்சிக்கு வரேங்க. அவள எடுக்க வேணாம். இன்னொரு இடம் குடுங்க, போதும்."

"குழந்தை?"

"கோட்டுக்குப் பக்கத்துல படுக்க வச்சிடுறேன். அழுதா, நான் பாடாதப்ப இவ பாடுவா. இவ பாட்டுக்கும் தூங்குது."

இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. கயல்விழியின் பெயரைச் சொல்லாமல் மோவாயால்தான் காட்டினேன். சார் தூங்குகிற குழந்தையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஆங், வா. பாப்போம்," என்றார்.

கயல்விழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா. நீங்க இல்லாம எனக்கு எவ்ளோ பயமா இருந்துச்சி தெரியுமா." பிறகு குனிந்து நெஞ்சிலிருந்த நம்பரைப் பார்த்தாள். "இது உங்களுதாச்சே."

பரவாயில்லை, நீயே வைத்துக்கொள் என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்திருப்பாள். எழிலனும் அதைத்தான் எதிர்பார்த்து என்னைப் பார்த்தார்.

"துவைச்சி எடுத்துகினு வா," என்றேன்.