சோடாவில் வெந்த நைட்டி

நான் துணியில் படம் வரைகிறவள் இல்லை. துணியைக் கெடுக்கிறவள் என்று சொன்னால் சரியாக இருக்கும். நூல்களைப் பிடுங்குவேன். துருப்பிடித்த ஆணிகளை வைத்துச் சுருட்டி வினிகரில் ஊறப்போடுவேன். கறை அதன் இஷ்டத்துக்குப் பரவிக் காய்ந்ததும் சட்டத்தில் இழுத்துக் கட்டுவேன். "இதுல எது தலை, எது கால்?" என்று ஒவ்வொரு கண்காட்சியிலும் அத்தான் கேட்பார். "உங்களுக்குப் புரிஞ்சுட்டா அன்னிக்கே தொழிலை விட்டுடறேன்" என்பேன். அக்காவுக்கும் புரியாதுதான். ஆனால் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

அக்கா போய் இரண்டு மாதம் ஆகிறது. அவளுடைய ஒரே மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். விசா சிக்கலில் கடைசியாக முகம் பார்க்கக்கூட அவளால் வர முடியவில்லை.

போன வாரம் அத்தான் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து என் பட்டறை மேசைமேல் வைத்தார். "அவ துணிங்க. வீட்டுல வச்சுப் பார்க்க முடியல. நீ ஏதாவது செய்" என்றார். பிறகு, "அடியில ஒரு கவர் இருக்கு பாரு, அவ கடைசியா போட்டிருந்த நைட்டி. அது பாப்பாவுக்கு. துவைக்காம வச்சிருக்கேன்" என்றும் சொன்னார். நான் அதற்குள் ஒரு புடவையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து, எந்த நூலை உருவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி அத்தான்" என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பட்டறைக்குள் எந்தத் துணி வந்தாலும் முதலில் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் இறங்க வேண்டும். கஞ்சி, எண்ணெய், வியர்வை எல்லாம் போனால்தான் கறை பிடிக்கும். இருபது வருஷப் பழக்கம். பையைக் கவிழ்த்தேன், கவரைப் பிரித்தேன், எல்லாவற்றையும் அண்டாவில் போட்டேன். கழியால் அமுக்கிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன்.

இன்று காலை விமான நிலையத்திலிருந்து அக்கா மகள் பேசினாள். "சித்தி, நைட்டி உங்ககிட்ட இருக்குன்னு அப்பா சொன்னாரு. நேரா அங்கதான் வர்றேன். அம்மா நைட்டிய யாரும் தொட வேணாம்." அப்போதுதான் மண்டையில் ஏறியது. நைட்டி கொடியில் தொங்கியது, பளிச்சென்று. அக்கா போடும் பவுடரை வாங்கிக் கொஞ்சம் தூவிவிட்டால் என்ன என்றுகூடப் புத்தி போயிற்று. ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மகள் வந்தாள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுக் கையை நீட்டினாள். நைட்டியைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் புதைத்தவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"துவைச்சுட்டீங்களா?"

"சோடால வேகவச்சுட்டேம்மா. அப்பா சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல. கை அது பாட்டுக்குப் போட்டுடுச்சு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவால்ல சித்தி. போடறதுக்கு முன்னாடி நீங்க மோந்து பார்த்திருப்பீங்கல்ல? அது எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குச் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். கூடப் பிறந்தவள் கடைசியாக உடுத்தியதைக் கையில் எடுத்தால் யாரும் செய்வதை நானும் செய்திருப்பேன் என்று நம்பிக் கேட்டாள். அந்த நைட்டியைப் பற்றி என்னால் சொல்ல முடிந்ததெல்லாம் கலப்பில்லாத பருத்தி, தோள்பக்கம் நைந்துவிட்டது, துரு நன்றாகப் பிடிக்கும் என்பதுதான்.

"இல்லம்மா" என்றேன். "மோந்து பார்க்கல."

அவள் நைட்டியை மடியில் வைத்து நான்காக மடித்து, என்னிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்களே வச்சுக்கங்க சித்தி. உங்க வேலைக்கு ஆகும்."

வாங்க எனக்குக் கை வரவில்லை.