பிப்ரவரியை என்ன செய்வது?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நிஜமாகக் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் நான் கட்டியது.

தொண்ணூற்று மூன்றில் மொபெட் சீட்டுக்கு உறை தைக்கப் பூந்தமல்லி போயிருந்தேன். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை. உள்ளே இரண்டு கிழவர்கள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் சொன்னார்: "மார்ச்சு மாசம் நாயி, மே மாசம் கொக்கு, நடுவுல ஒரு வாட்டி லுங்கிய தொவைச்சுக்கணும் மாமே."

நான் உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உறை சீக்கிரமே கிழிந்தது. வாக்கியம் இன்னும் கிழியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

2

ஆரம்பம் ஒன்று: "பாடியில் ஆலைச் சங்கு கடைசி முறையாக ஊதியது. வேம்புலியின் கண்களில்

(வேண்டாம். 'கண்களில்' என்று எழுதினால் அடுத்த வார்த்தை கண்ணீர்தான். வேம்புலி அழுகிற ஆள் இல்லை.)

ஆரம்பம் இரண்டு: "மனிதன் ஏன் பயணம் போகிறான்?"

(எனக்கு எப்படித் தெரியும்? நான் படித்தது எட்டாவது. இப்படிக் கேள்வி கேட்டு ஆரம்பிக்கிறவனிடம் பதில் இருக்காது, நிரப்ப வேண்டிய பக்கம்தான் இருக்கும்.)

ஆரம்பம் மூன்று. இது நிற்கும் என்று நினைக்கிறேன்:

பாடியில் இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்கு முன்னால் ஆயுசைக் கழித்தவர் வேம்புலி. ஆலையை மூடினார்கள். கணக்குத் தீர்த்துக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். ஆவடியில் இருந்த வீட்டில் அவர் மனைவி சுசீலா, மாடியில் ஒரு ரூம் போடலாம் என்றாள். வேம்புலி 'உம்' என்றார். அந்த 'உம்'முக்குள் மடகாஸ்கர் இருந்தது அவளுக்குத் தெரியாது.

3

மடகாஸ்கர் எங்கிருந்து வந்தது என்றால், அந்தக் காலண்டரிலிருந்து.

கடைக்காரர் ஹாஜா மொய்தீன், வேம்புலியின் பழைய கூட்டாளி. துறைமுகத்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்ததில் ஒரு கப்பல் ஆபீஸ் அவருக்குக் கொடுத்த காலண்டர் அது. மாதத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு மிருகம். யாரும் சுற்றுலா போகாத நாடுகளாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். வருஷம் முடிந்து வெகு நாளாகியும் ஹாஜா அதைக் கழற்றவில்லை.

ஜனவரி: மடகாஸ்கர். லெமூர் என்று ஒரு பிராணி. குரங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். வெயிலுக்கு வயிற்றைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருந்தது. வேம்புலிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. "ஷிப்ட் முடிச்சிட்டு குந்திகினு கீறான் பாரு பாய்," என்றார்.

பிப்ரவரி: கயானா, எறும்புத்தின்னி. மார்ச்: போட்ஸ்வானா, காட்டு நாய். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் திட்டு. ஹாஜா அதற்கு அடிமை. "யாரோ மிச்சத் துணியில ஒட்டுப் போட்டு தெச்சிருக்கான் மாமே. தையல் எங்க முடியுதுன்னு தெரியல. கிட்ட போயி பாக்கணும்."

ஏப்ரல்: பப்புவா, மரத்தில் ஏறுகிற கங்காரு. மே: ஜாம்பியா, செருப்பு மாதிரி அலகு வைத்த ஒரு பெரிய கொக்கு. அப்படியே டிசம்பர் வரைக்கும்.

பயணத் திட்டம் இதுதான்: காலண்டர் வரிசைப்படி போவது. ஜனவரியில் ஆப்பிரிக்காப் பக்கம், பிப்ரவரியில் உலகத்தின் முதுகுப் பக்கம், மார்ச்சில் திரும்ப ஆப்பிரிக்கா. யாராவது சொல்லியிருக்கலாம். யாரிடமும் அவர்கள் கேட்கவில்லை.*

(* நீங்கள் சிரிக்கிறீர்கள். சீட்டுப் பணத்தைப் பேர் போட்ட வரிசையில்தான் எடுக்க வேண்டும், ரேஷனில் நின்ற வரிசையில்தான் வாங்க வேண்டும் என்று வாழ்ந்தவர்கள். அச்சடித்த வரிசையை மாற்ற அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?)

சிக்கனத்துக்கும் வழி வைத்திருந்தார்கள். தங்குவது பள்ளிவாசல், கோயில், ரயில் நிலையம், எது முதலில் வருகிறதோ அது. சமையல் பம்ப் ஸ்டவ்வில். பாஷைக்கு ஹாஜாவின் இந்தி. "எந்த ஊருக்குப் போனாலும் இந்தி தெரிஞ்சவன் ஒருத்தன் கடை வெச்சிருப்பான்," என்பது ஹாஜாவின் நம்பிக்கை. பணம் வேம்புலியுடையது. பை ஹாஜாவுடையது. காலண்டர் முன்னால் நின்று, "போனா உன்கூடத்தான் பாய்," என்று வேம்புலி வாக்குக் கொடுத்திருந்தார். இதை ஞாபகம் வையுங்கள். பின்னால் இடிக்கும்.

4

பை. ஆளுக்கு ஒன்று, அசல் லாரித் தார்ப்பாய், பச்சை நிறம், ஓரமெல்லாம் பித்தளை வளையம். காலிப் பையைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். தைத்து முடித்த சந்தோஷத்தில் ஹாஜா பழக்கதோஷமாக இரண்டிலும் முதுகுப்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதிவிட்டார்.

"இன்னா பாய் இது? யானை இத்த படிச்சிட்டு ஹாரன் அடிக்கணுமா?"

"படிச்ச யானையா இருந்தா அடிக்கட்டுமே. உனுக்கு இன்னா போவுது?"

ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி வரை நடந்தார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் எழுத்தைப் படித்து, சொன்னபடி ஹாரன் அடித்தான். வேம்புலி பையோடு பள்ளத்தில் இறங்கினார்.

5

இங்கே எனக்கு ஒரு தகராறு.

சுசீலாவை நான் இந்தக் கதையில் சேர்த்தது வழியில் குறுக்கே நிற்பதற்காக. மாடி ரூம் கேட்பாள், அழுவாள், கிழவர் மனசு ஆடும். அவ்வளவுதான் அவள் வேலை. அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் புருஷன் விடியற்காலையில் பெரிய பையோடு கிளம்பிப்போனால் சும்மா இருக்கிற பொம்பளை ஆவடியில் உண்டா? இன்னொரு வீடு வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி அவளும் கிளம்பிவிட்டாள். பஸ் மாறி, பின்னாலேயே நடந்து, ஏரிக்கரைக்கு வந்து பார்த்தால் இன்னொருத்தி இல்லை. பாய்தான் இருந்தார். தீப்பெட்டி எடுத்து வரவில்லை என்று இரண்டு பேரும் ஸ்டவ்வுக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஓர் உடும்பு சோற்று மூட்டையைத் தேடி வந்தது. உலகத்து மிருகங்களையெல்லாம் பார்க்கப் புறப்பட்ட இரண்டு பேரும் மதகு மேல் ஏறிக்கொண்டார்கள்.

சுசீலா கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்தாள். உடும்பு நாக்கை நீட்டியது. அவளும் நீட்டினாள். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போயிற்று.

"எறங்குங்கய்யா. அது சும்மா பாக்க வந்துது. இத்துக்கா இந்த ஆட்டம்?"

மதகு மேல் நின்றபடியே வேம்புலி எல்லாவற்றையும் சொன்னார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். சுசீலா கேட்டுக்கொண்டே வந்து மே மாதத்தில் நிறுத்தினாள்.

"அந்தக் கொக்கு எப்டி கீது?"

"அசையாது தங்கச்சி. மொறைச்சிகினே நிக்கும்," என்றார் ஹாஜா.

"எங்க மாமியாரு மாதிரியா?"

"அட, அதே மொகரை!" என்றார் வேம்புலி. தன் அம்மா என்பது அப்புறம்தான் உறைத்தது.

சுசீலா சிரிக்க ஆரம்பித்தாள். சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வரேன்."

"நீயா? எங்க?"

"அந்தக் கொக்குகிட்ட. அது எதுர்ல நின்னு நானும் ஒரு வாட்டி மொறைக்கணும். உன்னைக் கட்டிகினு வந்ததுலேருந்து நான் பாத்த ஒரே மிருகம் நீதான்யா. திருத்தணிக்கு அப்பால ரோடு இருக்குதான்னே எனுக்குத் தெரியாது."

(இதற்கு மேல் அவளை வீட்டுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. மூன்று தடவை அடித்து எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.)

6

மவுண்ட் ரோட்டில் ஒரு டிக்கெட் ஏஜென்ட். மூன்று பேரும் போனார்கள். இப்போது மூன்று பை. மூன்றாவதில் எதுவும் எழுதவில்லை, சுசீலா விடவில்லை. ஹாஜா காலண்டரைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார்.

ஏஜென்ட் சின்ன வயசுக்காரர், டை கட்டியவர். காலண்டரைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். மறுபடி புரட்டினார்.

"பெரியவரே, உங்க பணத்துக்குப் பன்னெண்டும் முடியாது. ஜனவரி, மார்ச், மே மூணும் ஒரே பக்கம். அதை மட்டும் போலாம்."

"அப்போ பிப்ரவரிய இன்னா பண்றது?" வேம்புலி நிஜமாகவே பதறினார்.

"விட்டுடுங்க."

"பாவம்பா அந்த எறும்புத்தின்னி," என்றார் ஹாஜா.

"அதுவும் ரெண்டு பேருக்குத்தான் வரும். யார் ரெண்டு பேர்?"

மூன்று பேரும் பெஞ்சு விளிம்புக்கு நகர்ந்தார்கள்.

வேம்புலி திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம், காலண்டர் முன்னால் வாக்குக் கொடுத்த பாய். இன்னொரு பக்கம், உடும்புக்கு நாக்கு நீட்டிய சுசீலா.

"தங்கச்சி போவட்டும் மாமே," என்றார் ஹாஜா. ஒரு மூச்சு விட்டு, "இல்ல, நான் ஏன் உட்டுக் குடுக்கணும்? பை என்னுது, காலண்டர் என்னுது," என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் சுசீலா. பையின் வாரை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

முடிவு அ: ஹாஜா விட்டுக்கொடுக்கிறார், மூவரும் கட்டிப்பிடித்து

(தூ.)

முடிவு ஆ: சுசீலா, 'புருஷன் சந்தோஷம்தான் என் சந்தோஷம்' என்று

(அவள் என்னை அடிப்பாள்.)

முடிவு இ: வேம்புலி பேசாமல் எழுந்து மாடி ரூம் கட்டப்

(இதை எழுதத்தான் வந்தேன். மனசு வரவில்லை.)

நான் பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள் சுசீலா ஏஜென்ட்டைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்பா, ரெண்டு பேருக்கு மூணு மாசம்னா, மூணு பேருக்கு ரெண்டு மாசம் வராதா?"

ஏஜென்ட் கால்குலேட்டரைத் தட்டினார். சந்தேகத்தில் இன்னொரு தரம் தட்டினார்.

"வரும்மா. ஏறக்குறைய வரும்."

"அடியே சுசீ!" வேம்புலி எழுந்து நின்றதில் பை பெஞ்சைக் கவிழ்த்தது. ஹாஜா கீழே விழுந்தபடியே சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை ராத்திரி முழித்து நான் போட்ட முடிச்சு! சோறு பங்கு போடுகிற மாதிரிப் பிரித்து வைத்துவிட்டாள்.

7

ஏஜென்ட் காலண்டரை மேஜை மேல் வைத்து, மூன்று மாதத் தாளையும் விசிறி மாதிரி விரித்தார். "சரி. மூணுல எந்த மாசம் வேணாம்? அந்தத் தாளைக் கிழிச்சுடலாம்."

லெமூர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாய் ஒட்டுத்துணி போர்த்தி நின்றது. கொக்கு முறைத்தது.

மூன்று பேருடைய கையும் ஒரே நேரத்தில் மேஜைக்குப் போயிற்று. வேம்புலியின் கை ஜனவரி மேல். ஹாஜாவின் கை மார்ச் மேல். சுசீலாவின் கை மே மேல். மூன்று பேரும் அவரவர் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிழிக்க விடாமல் பிடித்தார்களா, கிழித்துக் கொடுக்கவே பிடித்தார்களா, பார்த்துச் சொல்ல வேண்டியது நான்தான். சொல்லமாட்டேன். மவுண்ட் ரோடு, பூந்தமல்லி, ஆவடி தாண்டி நான் எங்கும் போனதில்லை, போகாத ஊரைப் பற்றி எழுதுகிறவனை எனக்கு ஆகாது.

தாள் கிழிகிற சத்தம் உங்களுக்குக் கேட்டால், யாருடைய கை என்று நீங்களே பாருங்கள். நான் ஆவடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அவர்கள் ஊர் சுற்றி வரும்வரை யாராவது வேம்புலி வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் இல்லையா?