தாடி முளைத்த தோல்கன்று

அயனம்பாக்கத்து மணவாளன் பாடம் பண்ணிய செத்த கன்றுக்குட்டிக்குத் தாடி முளைத்தது. ஏதோ பூனை முடி என்று நினைத்துவிட வேண்டாம். பச்சைப் பசேலென்று, மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய மாப்பிள்ளை சீவி விட்டாற்போல அப்படியொரு தாடி. காற்றடித்தால் அது அசைவது மேனாம்பேடு வரைக்கும் தெரிந்தது. அந்தத் தாடியைக் கண்ட பிறகுதான் பசுவே பால் கொடுத்தது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நடந்தது இதுதான்.

மணவாளனின் மனைவி நாகம்மாளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது ஒரு செவலைப் பசு. அதன் கன்று பிறந்த சில நாளிலேயே செத்துப் போயிற்று. கன்று முட்டாத மடியில் பால் சுரக்கவில்லை. செம்போடு கிட்டே போனால் செவலை விட்ட உதையில் செம்பு ஏரியைத் தாண்டிப் போய் விழுந்தது.

நாகம்மாளின் தம்பி ஜம்புலிங்கம், கேளாமலே யோசனை சொல்கிறவன், அன்றைக்கும் சொன்னான். "வெள்ளிக்கெயம பூந்தமல்லி சந்தைல தள்ளிட்டு வேற மாடு இட்டாறேன்க்கா. மடி வத்திப் போச்சின்னா அப்பறம் ஒருத்தனும் தொட மாட்டான்."

"அது எங்கூட வந்த மாடுடா," என்றாள் நாகம்மாள். அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. செவலை வைக்கோலைத் தொடவில்லை. மணவாளனுக்கு இரண்டு பக்கமும் முகம் பார்க்க முடியவில்லை.

கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்துவது வழக்கம். பசு அதை நக்கும், பால் சுரக்கும். ஊரில் எவனும் அரைப் பொழுதில் செய்துவிடுவான். ஆனால் மணவாளன் எவனோ ஒருவனா? அம்பத்தூரில் ரயிலேறிப் போய் எழும்பூர் செத்த காலேஜை, அதாவது மியூசியத்தை, பார்த்தவன் அல்லவா? அங்கே பாடம் பண்ணி நிறுத்தியிருந்த புலியிடம், "கொஞ்சம் ஒத்திக்கோ நைனா," என்று வழி கேட்டவன்.

"வைக்கலு மட்டும் அடைச்சா தலகாணி மாரி கீதுடா ஜம்பு. உள்ள எலும்பு வோணும், சதை வோணும்," என்றான்.

"உசுரு வாணாவா மாமா?"

"அத்த அப்பறம் பாத்துக்கலாம்."

மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி எலும்பாக்கினான். வைக்கோல் பிரியைச் சுற்றி வயிறாக்கினான். ஏரிக் களிமண்ணைக் குழைத்துத் தலையும் தாடையும் பிடிக்க உட்கார்ந்தான். களிமண் வெடிக்காமலிருக்க அதில் பதர் கலக்க வேண்டும். நாகம்மாள் நாற்றங்காலுக்கு விதைநெல் ஊறவைத்து, மேலே மிதந்த பதரை ஒரு கூடையிலும் அடியில் தங்கிய நெல்லை இன்னொரு கூடையிலும் வடித்து, இரண்டையும் ஈரச்சாக்கால் மூடி வைத்திருந்தாள். பிரம்மதேவன் வேலையில் இருக்கும்போது குனிந்து கூடையைப் பார்ப்பானா? கைக்கு எட்டியதை அள்ளிக் கலந்தான்.

புளியங்கொட்டையை வறுத்து அரைத்துக் காய்ச்சிய பசையை அந்த உருவத்தின் மேல் பூசி, உப்புத் தடவி வைத்திருந்த தோலை மாட்டி, கோணி ஊசியால் தைத்தான். முகவாயில் தோல் எட்டவில்லை. "சின்ன விசயம்," என்று அங்கே களிமண்ணையே அப்பிவிட்டான். கண்ணுக்குக் கோலிக்குண்டு. ஒரு கண் ஏரியைப் பார்த்தது, மற்றது சென்னீர்குப்பத்தைப் பார்த்தது.

ஜம்புலிங்கம் சுற்றிச் சுற்றி வந்தான். "மாமா, இது கன்னுக்குட்டி மாரி இல்ல. நம்ம பக்கத்தூட்டு கோவிந்தன் பல்லு வலில குந்திகினு இருந்தான் பாரு, அவன் மாரி கீது."

செவலைக்கும் அதே அபிப்பிராயம்தான். ஒரு தடவை மோந்து பார்த்தது. மண்ணும் பசையும்தான் மணத்தன. கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது.

"ஈரம் காயட்டும். அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்," என்று மணவாளன் தலையின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினான். விறுவிறுவென்று காய்ந்தால் மண் வெடிக்குமாம். அதனால் விடிந்தால் தண்ணீர், சாய்ந்தால் தண்ணீர். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

"விதநெல்லு எப்படிக் கொறஞ்சிது?" என்று கேட்டாள் நாகம்மாள்.

"எலியா இருக்கும்."

"ஒரு கூடை நெல்ல எலி துன்னுச்சா இல்ல ஆனை துன்னுச்சா?"

வெள்ளிக்கிழமை காலையில் ஜம்புலிங்கம் கயிற்றோடு வந்து நின்றான். நாகம்மாள் பசுவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியாக ஒரு தடவை என்று மணவாளன் கன்றைத் தூக்கி வந்து சாக்கை உருவினான்.

முகவாய் முழுக்க நெல் நாற்று. காதுக்குள் இரண்டு மூன்று. மூக்கில் ஒன்று தனியாக.

"மாமா," என்றான் ஜம்புலிங்கம், சிரிப்பில் மூச்சுத் திணற. "சவரத்துக்கு ஆள் இட்டாரவா?"

மணவாளன் வாயைத் திறக்குமுன் செவலை கழுத்தை நீட்டியது. நாள்கணக்காக இரை எடுக்காத மாடு. தாடியில் ஒரு வாய் மேய்ந்தது. இன்னொரு வாய். இளநாற்றைத் தேடிய நாக்கு கழுத்துத் தோலைத் தொட்டதும் அங்கே நின்றது. மண் வாசனைக்கும் பசை வாசனைக்கும் அடியில் அதற்குத் தெரிந்த வாசனை இருந்தது. செவலை அடித்தொண்டையில் மெல்லக் கத்திவிட்டு நக்க ஆரம்பித்தது. மடி கல்லாக இறுகி, காம்பில் பால் தானாகச் சொட்டியது.

"சொம்ப எட்றா," என்றாள் நாகம்மாள் தம்பியிடம், எப்போது வந்து மடியடியில் உட்கார்ந்தாளோ தெரியாது.

அன்று மத்தியானம் பூந்தமல்லி சந்தையில் ஜம்புலிங்கத்தை மாட்டுத் தரகர் தேவராஜ் மடக்கினார். "இன்னாபா, மாடு இட்டாறேன்னு வெறுங்கைய வீசிகினு வந்துகீறே?"

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல அண்ணாத்தே."

"அப்போ சல்லிசா முடிச்சிடலாம். இப்பவே உங்கூட வந்து ஓட்டிகினு வந்துடறேன்." தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஜம்புலிங்கத்துக்கு அக்காளின் முகம் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் எத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்தான். சந்தையே நின்றது.

"வாணாம் அண்ணாத்தே. மாடு நல்லாத்தான் கீது. செத்த கன்னுக்குத் தாடி மொளைச்சிது. மாடு அத்த மேஞ்சிகினே பால வுட்டுச்சு." தன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். "நெசந்தான். சொம்பு புடிச்சவனே நாந்தான்."