வயலின் மூடிய வார்த்தை

கண்ணீர் வரவழைப்பதுதான் அப்போது என் பிழைப்பு. ஃபோர்ட் லீ சினிமா ஸ்டூடியோவில் காமிரா சுற்றும்போது, நடிகர்களுக்கு அழுகை வருவதற்காகப் பக்கத்தில் நின்று வயலின் வாசிப்பேன். படங்கள் பேசாத காலம். நடிகர்கள் வாயை அசைத்தால் போதும், வசனம் பிறகு அட்டையில் எழுதிக் காட்டப்படும். கதாநாயகன் பெர்சி காதல் காட்சிகளில்கூடத் தன் கால் ஆணியைப் பற்றித்தான் பேசுவான்.

கதாநாயகி என் மனைவி கோரா. அந்தப் படத்தில் பிள்ளை பெறப் பயப்படும் நாட்டியக்காரி வேடம். புருஷன் காலடியில் விழுந்து அவள் அழுத அழுகை இருக்கிறதே, எல்லாம் என் வாசிப்பின் மகிமை என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் படம் வந்தது. கோராவோடு என் அக்கா டில்டாவையும் அழைத்துப் போனேன். சின்ன வயதில் காய்ச்சலில் காது போனவள் அக்கா. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். தன் குரல் எவ்வளவு உயரம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

காதல் காட்சியில் கொட்டகையே உருகியது. அக்கா சிரித்தாள்.

"பூட்ஸ் கடிக்குதாம்டா அவனுக்கு," என்றாள், கடைசி வரிசை வரைக்கும் கேட்க.

அழுகைக் காட்சி வந்தது. 'எனக்குக் குழந்தை வேண்டாம், நாட்டியமே போதும்' என்றது அட்டை. அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"அட்டை பொய் சொல்லுது. 'நாள் தள்ளிப்போச்சு பெர்சி. என்னைப் பெத்த அன்னிக்கே எங்கம்மா செத்துட்டாங்க. நானும் செத்துடுவேனோன்னு பயமா இருக்கு. அங்க வயலின் வாசிக்கிற என் புருஷன்கிட்ட எப்படிச் சொல்றது'ன்னு கேக்கறா. அவன் 'அழு, ஆனா கால மிதிக்காதே'ங்கறான்."

கொட்டகை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. கோரா மடியிலிருந்த தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் இடுப்பு பெருத்ததற்கு உருளைக்கிழங்கைக் குறை சொன்ன மகா புத்திசாலி நான். நாலடி தூரத்தில் அவள் சொன்னதை என் காதில் விழாமல் செய்ததும் என் வயலின்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவள் கையைப் பிடித்தேன். திரை வெளிச்சத்தில் என் உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

அக்கா என் பிடரியில் ஒன்று வைத்தாள்.

"உனக்கும் பயமா இருக்குன்னு எனக்கு எதுக்குடா சொல்றே? அவளுக்குக் காது நல்லாத்தானே கேக்குது. வாயத் திறந்து அவகிட்ட சொல்லு."

சொன்னேன். திரைக்குக் கீழே பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும் வரை வாசிப்பை நிறுத்தியிருந்தார்.