மலர்ந்த வீட்டில் அழக்கூடாது

எல்லாரும் சௌக்கியந்தானே? மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? கேட்காவிட்டால் காலை நீட்டிக்கொண்டே படியுங்கள், கதை சின்னதுதான்.

"கால நான் பிடிச்சுக்கறேன், நீங்க தலைமாட்டுக்குப் போங்க அத்தை," என்றாள் மருமகள். மாமியாரும் அவளுமாக, லாண்டரிக்காரரான மாமனாரைத் தூக்கி, அவருடைய இஸ்திரி மேசையிலேயே கிடத்தினார்கள். அந்த வீட்டில் ஓர் ஆள் நீட்டிப் படுக்க வேறு மேசை இல்லை. காலையில் அதன் பக்கத்தில்தான், கையில் சட்டையோடு சரிந்தார் மனிதர். டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயாயிற்று.

மேசையில் இருந்த வெள்ளைச் சட்டை அடுக்கை மருமகள் நாற்காலிக்கு மாற்றினாள். எல்லாம் ஒரு சாமியாரின் அறக்கட்டளைத் தொண்டர்களுடைய உடுப்பு. குரு என்று அழைக்கும் அவர் பெயரில் ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி கொடுப்பார்கள், சக்கர நாற்காலி கொடுப்பார்கள். கொடுக்கிற கையின் சட்டையில் சுருக்கம் தெரியக்கூடாது. அந்தச் சுருக்கத்தை எடுப்பது மாமனாரின் வேலை. வேலை என்று சொல்லக்கூடாது, சேவை. "சாமி அவங்களுக்கு, சூடு எனக்கு," என்பார் அவர்.

மகனுக்கு அறக்கட்டளையில் வண்டி ஓட்டும் உத்தியோகம். அப்பாவைக் கொண்டுபோக வந்த வண்டியையும் அவனே ஓட்டி வந்தான். கூடவே தொண்டர்கள், கேமராக்காரர், பொறுப்பாளர் அம்மாள். அந்த அம்மாளுக்குத் தூங்கும்போதும் சிரித்த முகம்தான் இருக்கும் போல. மாமனார் வைத்த பெயர் பல்லழகி.

"ஐயா எப்பம்மா மலர்ந்தாங்க?"

"என்னது?" என்றாள் மாமியார்.

"இறந்துட்டாங்கன்னு நாங்க சொல்றதில்லம்மா. மலர்ந்துட்டாங்க."

"மலர்றதுக்கு இவரு என்ன செம்பருத்தியா? நெஞ்சப் பிடிச்சாரு, விழுந்தாரு, செத்துட்டாரு."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பல்லழகியின் சிரிப்பு இம்மியும் குறையவில்லை.

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மாமியாருக்கு அப்போதுதான் புருஷன் முகத்தை நின்று பார்க்க வாய்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க..." என்று தொண்டை திறந்ததுதான் தாமதம், தோளில் பல்லழகியின் கை விழுந்தது.

"அழக்கூடாதும்மா. மலர்ந்த வீட்ல அழுதா ஆத்மாவுக்குப் பாரம். குரு சொல்லியிருக்காரு. எல்லாரும் சிரிச்ச முகமா வழியனுப்பணும். நம்ம மாத இதழ்ல படம் வரும்."

"எம் புருஷனுக்கு நான் அழக்கூடாதா?"

மகன் ஓடிவந்து காதோரம் குனிந்தான். "அம்மா, கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சுக்கோம்மா. நாளைக்கும் நான் இவங்க வண்டியத்தான் ஓட்டணும்."

அவன் கண் சிவந்திருந்தது. உதடு மட்டும் உத்தியோகம் பார்த்தது.

"நல்ல பிள்ளை," என்றாள் மருமகள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

மாமியார் வாயை மூடிக்கொண்டாள். தொண்டர்கள் மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்று சிரித்தார்கள். கை மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. செத்தவர் எடுத்த மடிப்பு. கேமராக்காரர் ஒரு படத்துக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்.

தூக்கப் போகிற நேரத்தில் பல்லழகி மருமகள் பக்கம் சாய்ந்தாள். "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குக் கண்ணாடி முகாம் இருக்கு. ஐயா துணியெல்லாம் தேச்சு முடிச்சிட்டாங்களா?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் முடிச்சிட்டுத்தாம்மா மலர்ந்தாரு."

நாற்காலிக்குப் போய் மேலே இருந்த சட்டையை எடுத்து ஓர் உதறு உதறினாள். பாக்கெட்டில் குருவின் பாதத்தை நூலால் தைத்திருந்தார்கள். முகம் முழுவதையும் அதில் புதைத்துக்கொண்டாள். சத்தமே இல்லை. முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு மாமியார் அந்தச் சட்டையிலேயே, தெருக்கோடி வரை கேட்கும்படி மூக்கைச் சிந்தினாள்.

பல்லழகியின் பல் அன்றுதான் முதல்முறையாக உள்ளே போனது.

மாமியார் தரையில் உட்கார்ந்து சட்டையை மடியில் பரப்பினாள். காலரை நிமிர்த்தி, கைகளை உள்ளே தள்ளி, அவர் போட்ட மடிப்பு கோணாமல் மடித்தாள். அடுக்கின் நடுவில் எங்கோ செருகினாள். மருமகள் அந்த அடுக்கை இரண்டு கையாலும் ஏந்தி வந்து பல்லழகியிடம் மரியாதையாக நீட்டினாள்.

உங்களையும் யாராவது அழாதே என்று அதட்டியிருந்தால் எழுதுங்கள். எதில் மூக்கைச் சிந்தினீர்கள் என்பதையும் சேர்த்து.