கிரீஸ் டப்பாவில் நட்டு

காக்களூர் தொழிற்பேட்டையில் நட்டும் போல்ட்டும் செய்கிற சின்னக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். எழுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் லீவுக்குத் தொழிலாளர்களை டூர் அனுப்ப முதலாளி ஒத்துக்கொண்டார். பஸ் அவர் செலவு. நான் கூடப் போக வேண்டும் என்பது நிபந்தனை. நான் போகாவிட்டால் பஸ் கிடையாது.

எந்த ஊர் என்பதில் இரண்டு கட்சி. மைசூர், ஐதராபாத்.

மைசூருக்கு நானும் கிரேஸும் கல்யாணமான புதிதில் போயிருந்தோம். மறுபடி போவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஐதராபாத் அப்படி இல்லை. அது அவள் கேட்ட ஊர். சார்மினார் பக்கத்து வளையல் கடைகளைப் பற்றி அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இன்னொரு டீச்சர் சொல்லியிருந்தாள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் போகலாம் என்றேன். அக்டோபரில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அவள் இல்லாமல் அந்த ஊரில் போய் இறங்க என்னால் ஆகாது. ஐதராபாத் என்று முடிவானால் வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். அத்தனை பேரின் டூரும் போய்விடும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. மைசூர்தான் ஜெயிக்கும் என்று தெரிந்ததால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டீ நேரத்துப் பேச்சைக் கேட்டால் போதும்.

"மைசூர்ல இன்னா கீது? அரண்மனை. அத உனுக்கு வாடகைக்கு வுடப் போறானா?" என்பான் தேசப்பன். ஐதராபாத் கட்சியில் உருப்படியான ஆள் அவன் ஒருவன்தான்.

"ஐதராபாத்ல உனுக்குப் பொண்ணு பாத்து வச்சிக்கிறாங்களா, நைனா?" என்பாள் பேக்கிங் பிரிவு எல்லம்மா.

"பிரியாணி கீதும்மே."

"பிரியாணிக்கா அம்மாந் தூரம்? குந்திக் குந்தி முதுகு ஒடிஞ்சிடும். பிருந்தாவனத்துல கலர் தண்ணி பாக்கணும் நானு. மாமியார்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

எங்கள் கம்பெனியில் எதையும் முடிவு செய்ய ஒரு வழி உண்டு. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஸ்டோர் ரூமில் காலி கிரீஸ் டப்பா ஒன்றை வைப்போம். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கழிவு நட்டு ஒன்றையோ போல்ட் ஒன்றையோ அதில் போட்டுவிட்டு வருவார்கள். இந்த முறை போல்ட் என்றால் மைசூர், நட்டு என்றால் ஐதராபாத்.

சனிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தேன். அத்தனையும் நட்டு. ஒரு போல்ட்கூட இல்லை.

யாரும் கை தட்டவில்லை. தேசப்பன்கூடச் சும்மா நின்றான்.

"எல்லம்மா, நீயுமா நட்டு போட்டே?"

"ஆமா சார்."

"மாமியார்கிட்ட சொன்னது?"

"அது கெடக்குது. மைசூரு நீங்க டீச்சரம்மாவோட போன ஊரு சார். அங்க உங்கள இட்டுகினு போய் நிக்க வச்சிட்டு நாங்க கலர் தண்ணி பாக்கறதா? ராஜவேலு அண்ணன்தான் சொன்னாரு. எல்லாருக்கும் சரின்னு பட்டுது."

லேத் ராஜவேலு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சரி," என்று சொல்லிவிட்டு முதலாளி அறைப் பக்கம் நடந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லை, போக முடியாது என்று சொன்னால் அவர் கேள்வி கேட்கமாட்டார். இவர்களும் கேட்கமாட்டார்கள். மூன்று மாதமாக யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

திரும்பி வந்தேன்.

"மைசூர் எனக்குக் கஷ்டமில்ல," என்றேன். "ஐதராபாத்துக்குத்தான் என்னால வர முடியாது. அங்க கூட்டிட்டுப் போறேன்னு கிரேஸ்கிட்ட சொல்லியிருந்தேன். போகல."

அவள் பெயரை அந்த ஷெட்டுக்குள் நான் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நட்டுகளை அள்ளி டப்பாவில் போட ஆரம்பித்தேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றாள் எல்லம்மா. "நாங்க இன்னா ஜோசியமா பாக்கறோம்?"

"ஏ, சும்மா இரு," என்றார் ராஜவேலு.

"சும்மா இருந்துதாண்ணே இம்மாம் பேஜாரு."

"நான் நெஜமாவே ஐதராபாத்துக்குத்தான் போட்டேன்," என்றான் தேசப்பன். "என் நட்டு ஒண்ணுதான் செல்லும்."

"அத எடுத்துக் கழுத்துல கட்டிக்கோ," என்றாள் எல்லம்மா. எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி யாரும் டப்பாவில் எதையும் போடவில்லை. மைசூர் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லம்மா என் மேஜையருகே வந்தாள்.

"சாமுண்டி மலைக்கு பஸ்ஸு போவுமா சார்?"

"போகும். வளைவு அதிகம். பின் சீட்ல உக்காராதே. கிரேஸ் வாந்தி எடுத்தா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏறச்சொல்லவா, எறங்கச்சொல்லவா?"

"ஏறும்போதும்தான், எறங்கும்போதும்தான். ரெண்டாந் தடவை என் சட்டை மேல."

"அடப் பாவமே," என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனுக்கும் வரும். அப்ப நான் தேசப்பன் பக்கத்துல குந்திக்கிறேன் சார்."